எம்சிபி நம்பரை ஏற்றினால் ரம்பம் ஓடும், ஒயர் வேகும்

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சின்ன வயதில் அப்பாவுக்கு உளி எடுத்துக் கொடுத்த பழக்கம் விடவில்லை. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டு, கடையை மூடிய ஒரு இழைப்பகத்திலிருந்து இரண்டு மிஷின் வாங்கினேன். ஒன்று 10 அங்குல டேபிள் சா, 2 எச்.பி., சிங்கிள் பேஸ். இன்னொன்று 12 அங்குல இழைக்கும் மிஷின், 3 எச்.பி., த்ரீ பேஸ். வீட்டுக்கு சிங்கிள் பேஸ் சர்வீஸ்தான். மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்கு நூறடி, 2.5 ஒயர் இழுத்திருக்கிறேன். ரம்பத்தைப் போட்டால் வீட்டு ஃபேன் ஒரு நொடி தளர்கிறது. 16 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) பாதி நேரம் விழுந்தது. வயரிங் செய்த தம்பி 32 போட்டுக் கொடுத்தார். இப்போது விழுவதில்லை, ஆனால் பிளக் தொட முடியாமல் சுடுகிறது. நான் த்ரீ பேஸ் வாங்கியே ஆகவேண்டுமா? மொத்தம் எவ்வளவு கரண்ட் தேவை?

பதில்:

சார், முதலில் ஷெட்டுக்குப் போகும் அந்த 32 ஆம்ப்ஸ் எம்சிபியை இறக்கிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். தம்பியைக் குறை சொல்லவில்லை. "விழுந்துகொண்டே இருக்கிறது" என்று ஆள்மேல் ஆள் கூப்பிட்டால், தொழிலுக்குப் புதுசாய் வந்தவர் செய்கிற முதல் வேலை அதுதான். நானும் செய்திருக்கிறேன்.

எம்சிபி காவல் காப்பது ஒயரை. மிஷினைக் காப்பாற்ற அதை யாரும் செய்யவில்லை. பைப்புக்குள் போகும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் சுமார் 20 ஆம்ப்ஸ் தாங்கும். 32 ஆம்ப்ஸ் எம்சிபி 32-ல் விழவே விழாது. 46 ஆம்ப்ஸ் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதுதான் அதற்கு எழுதிவைத்த விதி. அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் ஒயர் என்ன ஆகும் என்பதை வேதியியல் எடுத்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. (நீங்கள் எந்தப் பாடம் என்று எழுதவில்லை; எடுத்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.) அதுவும் மரத்தூள் படிந்த ஷெட்டில்.

சரி, பழைய 16 ஏன் விழுந்தது? கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஒரு எச்.பி. என்பது 746 வாட். 2 எச்.பி. என்றால் சக்கரத்தில் கிடைப்பது ஏறக்குறைய 1,500 வாட். சிங்கிள் பேஸ் மோட்டார் உள்ளே வாங்குவதில் கால் பங்கு சூட்டுக்கே போய்விடும். ஆக ஈபியிடமிருந்து இழுப்பது 2,000 வாட். பவர் ஃபேக்டரையும் (வேலைக்கு உதவாமல் கூடுதலாக ஓடும் கரண்டின் கணக்கு அது) சேர்த்தால் 230 வோல்ட்டில் 10, 11 ஆம்ப்ஸ். இது மரம் அறுக்கும்போது ஓடும் கரண்ட். ஸ்விட்சைப் போட்ட முதல் நொடியில் மட்டும் அதே மோட்டார் ஐந்தாறு மடங்கு, அதாவது 60 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். கிணற்று மோட்டாரைப் போட்டதும் பம்ப்செட் ரூம் பல்பு ஒரு கணம் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சமாச்சாரம்தான்.

எம்சிபியின் முகத்தில் நம்பருக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்கும். 'பி' வகை என்றால் நம்பரைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்குக்குள் கண நேரத்தில் விழும். 16-க்கு அது 48 முதல் 80 ஆம்ப்ஸ். உங்கள் ரம்பத்தின் 60 நேராக அந்த இடைவெளிக்குள் போய் உட்கார்கிறது. அதனால்தான் பாதி நேரம் விழுந்தது, பாதி நேரம் பிழைத்தது. 'சி' வகை ஐந்திலிருந்து பத்து மடங்கு. 16-க்கு 80 முதல் 160. ரம்பம் தாராளமாகக் கிளம்பிவிடும், ஒயருக்கான காவலும் அப்படியே இருக்கும். மாற்ற வேண்டியது எழுத்தை. நம்பரில் கை வைக்கக்கூடாது. பழைய 16-ஐத் தூக்கிப் போடாமல் இருந்தால் எடுத்துப் பாருங்கள், 'பி' என்றுதான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

இன்னொன்று, எம்சிபி பெட்டி ஷெட்டின் மேற்குச் சுவரில் இருக்கிறதா? எம்சிபியின் நம்பர் 30 டிகிரி சூட்டுக்கு அளந்து போட்டது. நம் ஊர் மே மாதத்தில் வெளியே 41, 42 என்றால் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே, இரும்புப் பெட்டிக்குள் எவ்வளவு என்று யோசியுங்கள். உள்ளே, சூடேறினால் வளைந்து எம்சிபியை விழ வைக்கும் உலோகப் பட்டை ஏற்கெனவே பாதி வளைந்து நிற்கும். கொஞ்சம் லோடு கூடினாலும் விழுந்துவிடும். மதியம் மூன்று மணிக்கு விழுந்து, காலையில் விழாமல் இருந்தால் காரணம் வெயில். பெட்டியை நிழல் பக்கம் மாற்றுங்கள்.

இப்போது ஃபேன் தளர்ந்த விஷயம். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி அது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஷெட்டுக்குப் போகும் நூறடி ஒயரில் மட்டும் வோல்டேஜ் விழுந்தால் ஷெட் லைட்தான் மங்க வேண்டும். வீட்டுக்குள் ஃபேன் எதற்குத் தளர வேண்டும்? வீடும் ஷெட்டும் பங்கு போட்டுக்கொள்கிற இடத்தில், அதாவது கம்பத்திலிருந்து மெயின் வரைக்கும் உள்ள வழியில், வோல்டேஜ் விழுகிறது. பழைய அலுமினிய சர்வீஸ் ஒயரோ, கம்பத்து முடிச்சில் துருவோ, மெயின் ஃப்யூஸ் கட்அவுட்டில் தளர்ந்த ஸ்க்ரூவோ இருக்கலாம்.

கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டாம். ஒரு மல்டிமீட்டரும், வெந்நீர் போடும் 1,500 வாட் ராடும் போதும். ராடைப் பிளாஸ்டிக் பக்கெட் தண்ணீரில் போட்டு ஷெட் பிளக்கில் சொருகி ஆன் செய்யுங்கள். (ஓடும்போது தண்ணீரில் கை வைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.) போடும் முன்னும் போட்ட பின்னும் ஷெட்டில் எத்தனை வோல்ட், மெயின் போர்டில் எத்தனை வோல்ட் என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். ராடு ஆறரை ஆம்ப்ஸ் இழுக்கும். போக வர இருநூறடி 2.5 ஒயரில் அதற்கு விழ வேண்டியது மூன்று வோல்ட்தான். மெயினுக்கும் ஷெட்டுக்கும் நடுவே பத்து வோல்ட் வித்தியாசம் காட்டினால் ஒயரில் எங்கோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் இருக்கிறது. மெயின் போர்டிலேயே பத்து வோல்ட் இறங்கினால் கோளாறு ஈபி பக்கம். செக்ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள், லைன்மேன் வந்து முடிச்சை மாற்றுவார். கம்பத்தில் நாம் ஏறக்கூடாது.

ராடுக்கு மூன்று வோல்ட் என்றால் ரம்பம் கிளம்பும் 60 ஆம்ப்ஸுக்கு? அதே ஒயரில் 27 வோல்ட். சாயங்காலம் ஊரே மோட்டார் போட்டு லைன் 200-ல் நிற்கும்போது உங்கள் ரம்பத்துக்குப் போய்ச் சேருவது 175 கூடத் தேறாது. மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்துக்கு இறங்கும். முக்கால் பங்கு வோல்டேஜில் இழுவை பாதிக்குச் சற்று மேலேதான். மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகி மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். முனகுகிற நேரமெல்லாம் பெரிய கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் எரிவது அறுக்கும்போது அல்ல, இப்படிக் கிளம்பும்போதுதான் அதிகம்.

ஆகையால் ஷெட்டுக்கு 6 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் செம்பு ஆர்மர்ட் கேபிள் (மேலே இரும்புக் கவசம் போர்த்தியது) ஒன்றே ஒன்று போடுங்கள், ஜாயிண்ட் இல்லாமல், மண்ணுக்கடியில். 27 வோல்ட் 11 ஆகிவிடும். 4 போதாதா என்று கேட்பார்கள். ரம்பத்துக்கு மட்டும் என்றால் போதும். இழைக்கும் மிஷினும் வரப்போகிறதே, பள்ளம் தோண்டும் கூலியை இரண்டு தடவை எதற்குக் கொடுக்க வேண்டும்?

பிளக் சுடுவதற்கு வருவோம். வீட்டு 16 ஆம்ப்ஸ் பிளக்கும் ஸ்விட்சும் அயர்ன் பாக்ஸ், கீஸர் மாதிரி அமைதியான லோடுக்கு. மோட்டாரை அந்த ஸ்விட்சிலேயே போட்டு அணைத்தால் ஒவ்வொரு தடவையும் உள்ளே பொறி பறந்து முனை கருகும், பிடிப்புத் தளரும், சூடேறும். சூடேறினால் இன்னும் தளரும். சுடுகிற பிளக்கைக் கழற்றி எறியுங்கள், மறுபடி இறுக்கிப் போடாதீர்கள். மெட்டல் பாடி இண்டஸ்ட்ரியல் பிளக்–சாக்கெட் வாங்குங்கள். மிஷினை ஆன் செய்யும் வேலையை ஸ்டார்ட்டருக்குக் கொடுங்கள்.

ஸ்டார்ட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் இடது கை ஆட்காட்டி விரலில் நகம் பாதிதான் இருக்கிறது. பல வருடம் முன்னால், ஆரணிப் பக்கம் ஒரு வீட்டில் வயரிங் வேலை. ஆசாரி சாப்பிடப் போயிருந்தார். கேசிங் பட்டைக்கு அடியில் வைக்க ஒரு ரீப்பர் வேண்டியிருந்தது, அவருடைய ரம்ப மேசையில் நானே அறுத்தேன். நடுவில் கரண்ட் போயிற்று. ரம்பம் நின்றது. பிளேடுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு சிம்பு மாட்டியிருந்தது; விரலால் தட்டிவிடப் போனேன். ஸ்விட்ச் ஆன்-லேயே இருந்ததை மறந்துவிட்டேன். கரண்ட் வந்தது. அவ்வளவுதான். நகத்தோடு தப்பித்ததை அதிர்ஷ்டம் என்று ஊரே சொன்னது. எலக்ட்ரீஷியனுக்கே இந்தக் கதி.

பச்சை, சிவப்பு பட்டன் வைத்த டிஓஎல் ஸ்டார்ட்டர் அங்கே இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அதற்குள் இருக்கும் நோ-வோல்ட் காயில் கரண்ட் போனதும் பிடியை விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தினால்தான் ஓடும். உங்கள் நிலத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்விட்ச் வைத்திருப்பீர்கள். கரண்ட் வந்ததும் தானாகவே ஓடும். அந்த ஆட்டோவை ரம்பத்துக்கு மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள். அதே ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கும். அதில் உள்ள திருகை மோட்டார் நேம்பிளேட்டில் எழுதியிருக்கும் ஆம்ப்ஸுக்குத் திருப்பி வைக்க வேண்டும். மோட்டார் காயிலைக் காப்பாற்றுகிற ஆள் இந்த ரிலேதான். பச்சை வேப்பமரத்தை வேகமாகத் தள்ளினால் இது விழும். விழட்டும். மரம் ஈரமாக இருக்கிறது, அல்லது பிளேடு மழுங்கிவிட்டது என்று உங்களுக்குச் சொல்கிறது.

பழைய மிஷின் என்பதால் ஒரு சோதனை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள். கிளம்பி ஒரு நொடிக்குள் 'டிக்' என்று கேட்க வேண்டும், நிறுத்தி வேகம் குறையும்போது இன்னொரு 'டிக்'. அது உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபுகல் ஸ்விட்ச், வேகம் பிடித்ததும் கிளப்பிவிடும் காயிலைக் கழற்றிவிடுவது. இழைப்பக மோட்டாரில் அதற்குள் மரத்தூள் கெட்டித்து உட்கார்ந்திருக்கும். டிக் கேட்கவில்லை என்றாலோ, பெல்ட் இல்லாமலேயே கிளம்பத் திணறினாலோ மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரையும் அந்த ஸ்விட்சையும் காயில் கட்டுகிறவரிடம் காட்டுங்கள். நீங்கள் எம்சிபியை வைது கொண்டிருக்க, குற்றவாளி இந்தக் கெப்பாசிட்டராகவும் இருக்கலாம்.

அடுத்தது எர்த். 'மரமில்லா மலை' என்று நம் வேலூரைக் கேலி பேசுவார்கள் அல்லவா, அந்த மலை மண்ணுக்கடியிலும் பாறையாக நீண்டு கிடக்கிறது. எட்டடி பைப் இறக்கினாலும் கோடையில் எர்த் நன்றாக அமைவதில்லை. பல்பு வைத்துப் பார்த்தோம், பளிச்சென்று எரிகிறது என்பார்கள். 100 வாட் பல்பு அரை ஆம்ப்ஸ் கூட இழுப்பதில்லை. எர்த் 50 ஓம் இருந்தாலும் அது பளிச்சென்றுதான் எரியும். ஆனால் அதே 50 ஓம் எர்த்தில் பேஸ் ஒயர் மிஷின் உடம்பில் பட்டால் ஓடுவது நாலரை ஆம்ப்ஸ். 16 ஆம்ப்ஸ் எம்சிபி அசையாது. வார்ப்பிரும்பு மேசை முழுக்க ஷாக்கோடு நிற்கும், நீங்கள் அதில் சாய்ந்துகொண்டு கோடு போடுவீர்கள். அதனால் ஷெட் போர்டில் 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கொஞ்சம் கசிந்தாலே அணைத்துவிடும் ஸ்விட்ச்) கட்டாயம். மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஷெட் ஓரமாகத் தனி எர்த் குழி எடுத்து, மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம்.

இனி உங்கள் பெரிய கேள்வி: த்ரீ பேஸ் வேண்டுமா?

மிஷின் பட்டியலைக் கூட்டிப் பார்த்து மலைத்திருக்கிறீர்கள். ரம்பம் 2 எச்.பி., இழைப்பு 3 எச்.பி., அப்புறம் டிரில், ரூட்டர், தூசி இழுக்கும் வேக்குவம் என்று கூட்டினால் ஆறேழு கிலோவாட் வரும். ஆனால் ஷெட்டில் இருப்பது நீங்கள் ஒருவர், உங்களுக்குக் கை இரண்டு. ரம்பம் ஓடும்போது இழைக்கும் மிஷின் சும்மா நிற்கும். ஒரே நேரத்தில் ஓடுவது அதிகபட்சம் ஒரு பெரிய மிஷின், ஒரு வேக்குவம், ஒரு லைட், ஒரு ஃபேன். ரம்பத்துக்கு 11, வேக்குவத்துக்கு 5, 6, மற்றதுக்கு ஒன்று என்று 18 ஆம்ப்ஸ். ரம்பத்தை முதலில் கிளப்பி, அது முழு வேகம் பிடித்ததும் வேக்குவத்தைப் போடுங்கள். கேபிள் மாறிய பிறகு ஷெட்டின் முதன்மை எம்சிபியை 'சி' 25 ஆக வைக்கலாம். 6 ஸ்கொயர் கேபிளுக்கு அது சுலபம். ரம்பத்தின் கிளைக்கு மட்டும் 'சி' 16.

ஆக, வேலைக்கு சிங்கிள் பேஸே போதும். தடங்கல் காகிதத்தில் இருக்கிறது. நம் மாநிலத்தில் சிங்கிள் பேஸ் சர்வீஸ் 4 கிலோவாட் இணைப்புப் பளு (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய சாதனங்களின் வாட் கூட்டுத்தொகை) வரைக்கும்தான். வீட்டில் ஏசி, கீஸர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஷெட்டைச் சேர்த்ததும் 4-ஐத் தாண்டிவிடும். அப்போது த்ரீ பேஸுக்கு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். அது வந்தால் இழைக்கும் மிஷின் அதன் சொந்த மோட்டாரிலேயே ஓடும், ஒரு லைனுக்கு ஐந்து ஆம்ப்ஸுக்குள்தான் இழுக்கும். ரம்பத்தை ஒரு பேஸிலும் வீட்டு ஃபேன்களை வேறு பேஸிலும் பிரித்துப் போட்டால் வீட்டம்மாவின் புகாரும் நின்றுவிடும்.

த்ரீ பேஸில் ஒரு எச்சரிக்கை. கம்பத்தில் வேலை பார்த்துவிட்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் ரிவர்ஸில் சுற்றும். கிணற்றில் அப்படி ஆனால் தண்ணீர் குறைவாக வரும். இழைக்கும் மிஷினில் கத்தி பின்பக்கமாகச் சுற்றினால் பலகை எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. லைன் வேலை நடந்த மறுநாள் வெறும் மிஷினை ஓடவிட்டு திசையைப் பார்த்த பிறகுதான் மரம் வைக்க வேண்டும்.

ஏசி, கீஸர் எதுவும் இல்லை, சிங்கிள் பேஸிலேயே இருக்கப்போகிறேன் என்றால் இழைக்கும் மிஷினுக்கு இரண்டு வழி. விஎஃப்டி டிரைவ் வைத்தால் சிங்கிள் பேஸ் வாங்கி த்ரீ பேஸ் கொடுக்கும். மோட்டாரும் நிதானமாகக் கிளம்பும். ஆனால் அது கொடுப்பது 230 வோல்ட் த்ரீ பேஸ். மோட்டாரின் மூன்று காயில்களை இணைப்பதில் ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறை உண்டு; உங்கள் 415 வோல்ட் மோட்டார் ஸ்டார் இணைப்பில் இருந்து, ஆறு ஒயரும் வெளியே வந்திருந்தால் டெல்டாவாக மாற்றிக்கொள்ளலாம். மூன்றுதான் வந்திருந்தால் காயில் கட்டுகிறவரிடம் போக வேண்டும். முழு லோடில் டிரைவ் 20 ஆம்ப்ஸுக்கு மேலும் இழுக்கும். மரத்தூள் அதன் ஃபேனை அடைத்தால் ஆயுசு குறைவு. எனக்கு டிரைவ் பிடிக்கும் என்றாலும் உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி: அந்த மோட்டாரை இறக்கிவிட்டு, அதே வேகமுள்ள 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், கெப்பாசிட்டர் ஸ்டார்ட்–கெப்பாசிட்டர் ரன் வகை, முழுக்க மூடிய பாடி, ஏற்றுங்கள். இழைப்பகத்துக்கு நேரம் காசு, ஒரே தடவையில் மூன்று மில்லி எடுக்க 3 எச்.பி. வேண்டும். உங்களுக்கு ஒரு மில்லி வீதம் மூன்று தடவை தள்ளினால் என்ன?

இரண்டு பேஸில் கன்டென்சர் (கெப்பாசிட்டர்தான்) வைத்து த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டுவதைக் கழனியில் பார்த்திருப்பீர்கள், யாராவது யோசனையும் சொல்வார்கள். வீட்டு சர்வீஸில் இருப்பது ஒரு பேஸ்தான், அந்த வித்தை இங்கே செல்லாது. கழனியிலும் அப்படி ஓடிய மோட்டார்களுக்குக் காயில் கட்டியே சில கடைகள் பிழைத்தன.

கரண்ட் பில்லைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ரம்பம் நிற்காமல் ஒரு மணி நேரம் அறுத்தால் 2 யூனிட். வீட்டு வேலையில் அளப்பதும் கோடு போடுவதும்தான் முக்கால் நேரம். ஆனால் பேத்திக்குச் செய்த மேசையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று கேட்டு, அப்புறம் காசு வாங்கிச் செய்ய ஆரம்பித்தால் வீட்டு சர்வீஸில் ஓட்டாதீர்கள். குடிசை, குறுந்தொழிலுக்கான 3ஏ1 கட்டணத்தில் தனி சர்வீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் போட இடம் உண்டு.

கேபிள் போட நாளாகும் என்றால் அதுவரை 'சி' 16 எம்சிபியும், புது இண்டஸ்ட்ரியல் பிளக்கும், டிஓஎல் ஸ்டார்ட்டரும், ஆர்சிசிபியும் போட்டு ரம்பத்தைக் காலை நேரத்தில் மட்டும் ஓட்டுங்கள். காலையில் லைனில் வோல்டேஜ் இருக்கும். வேக்குவம் அதுவரை வேண்டாம், துடைப்பம் போதும். இழைக்கும் மிஷின் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து எத்தனை ஒயர் வெளியே வந்திருக்கிறது என்றும், நேம்பிளேட்டில் ஆர்.பி.எம். எவ்வளவு என்றும் எழுதி அனுப்புங்கள். எந்த மோட்டார், எந்த அளவு புல்லி என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.